முகம் தெரியாதவருக்குக் கடன் கொடுக்கலாமா?

எங்கள் ஒரத்தநாட்டில் சீட்டு என்ற சொல்லைக் கேளாத வீடு இராது. 20 பேர் மாதம் 1,000 ரூபாய் போடுகிறார்கள். முதல் சீட்டு, பிடிப்பவருக்கு. அடுத்த மாதம் நடவுக்கு அவசரப்படுபவர் 4,000 ரூபாய் தள்ளி, 16,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறார். தள்ளிய பணம் தலைக்கு 200 ரூபாயாகப் பிரிவதால், அம்மாதம் எல்லாரும் 800 ரூபாய் கட்டினால் போதும். 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டுகளும் உண்டு. தெருச் சீட்டுக்கோ ஆள்தான் பத்திரம்.

எங்களுள் ஒருத்தியின் தாயார் அப்படி நம்பியே கட்டிவந்தார். ஒருநாள் சீட்டுப் பிடித்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். மூத்த மகளின் கல்லூரிப் பணம் அது. அண்மையில் அவள் அண்ணன் கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டி, "இதில் கடன் கொடுத்தால் நல்ல வட்டி வரும்மா" என்றார். "ஆளு யாருப்பா? வாசல் எங்கே இருக்கு?" என்று தாயார் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் வகுப்புக்குக் கொண்டுவந்தோம்.

ஒருவருக்கு 50,000 ரூபாய் வேண்டுமெனில், ஐந்து பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் இணையவழியே கொடுப்பது இம்முறை. நடுவிலுள்ள நிறுவனம் தன் பணத்தைக் கொடுப்பதில்லை, சேர்த்துவைப்பதோடு சரி. 2005இல் பிரிட்டனில் ஸோபா நிறுவனம் இதைத் தொடங்கியது; 2021இல் இப்பிரிவை மூடிவிட்டது. சீனத்தில் நடந்ததோ பெருங்கொடுமை. இ-சுபாவோ என்ற நிறுவனம் ஏறத்தாழ 9 லட்சம் பேரிடம் 5,000 கோடி யுவான் திரட்டி ஏமாற்றியது. ஆயிரக்கணக்கில் முளைத்திருந்த இத்தகைய தளங்களில் 2020 நவம்பரில் ஒன்றும் மிஞ்சவில்லை என அந்நாட்டு அதிகாரிகளே அறிவித்தனர்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2017 அக்டோபரில் விதி வகுத்தது. ஒருவர் ஒரே கடனாளிக்கு 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கலாகாது. தவணை 36 மாதத்தைத் தாண்டலாகாது. பணம் நிறுவனத்தின் கைக்குப் போகாமல், அறங்காவலர் பார்த்துக்கொள்ளும் தனி வங்கிக் கணக்கு வழியே செல்லவேண்டும். வராக்கடன் எவ்வளவு என்பதையும் நிறுவனம் வெளியிடவேண்டும். அப்படியும் சில நிறுவனங்கள் நிச்சய வருமானம் என்று ஆசை காட்டின. 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அதைக் கண்டித்து விதிகளை இறுக்கியது. கடன் திரும்பாவிட்டால் நட்டம் கொடுத்தவருக்கே.

தெருச் சீட்டில் தவணை தவறினால் கோயிலிலும் கடைத்தெருவிலும் முகம் கொடுக்க முடியாது. அந்த வெட்கமே பாதி வசூல் செய்துவிடும். இணையத்தில் வெட்கத்துக்கு இடமில்லை. அதற்குப் பதில் கடன் மதிப்பெண்தான் பேசுகிறது. மதிப்பெண் பழைய நடத்தையைச் சொல்லும். நாளைக்கு மழை பொய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லாது. ஆனால் தெருச் சீட்டில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: ஆளைத் தெரியாவிட்டாலும் அனுமதியைச் சரிபார்க்கலாம். பதிவான நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது.

இதை நாங்கள் சொன்னதும், அந்த அண்ணன் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். அந்தச் செயலியின் பெயர் அதில் இல்லை. தாயார் ஒன்றும் பேசாமல் பணத்தை மறுபடி அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார்.