கடல் கடந்த கால்கள்

நுழையும்முன்

தொழில் நாடிக் கடல் கடந்து செல்வது தமிழர்க்குப் புதியதன்று. கடையநல்லூர், தென்காசி முதலிய ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்றோர் அங்கே சங்கம் அமைத்தனர், தமிழ்ப்பள்ளியும் நடத்தினர். அயலகம் சென்று திரும்புவோரிடம் ஊரார் கேட்கும் முதல் வினா, 'என்ன ஈட்டினாய்?' என்பதாகும். ஒருவர் அயல்மண்ணில் பெற்றதை எண்ணிக்கையால் மட்டும் அளந்துவிட இயலுமா? காற்பந்து வீரர் பாய்சுங் பூட்டியாவின் வாழ்க்கை, இவ்வினாவுக்கு விடை தேடத் துணைபுரிகிறது.

மலையூரிலிருந்து மாநகருக்கு

சிக்கிம், இந்தியாவின் மாநிலங்களுள் ஒன்றாக இணைந்த ஆண்டு 1975. அதற்கு அடுத்த ஆண்டு, அம்மாநிலத்தின் தென்பகுதியில் உள்ள டிங்கிடாம் என்னும் மலையூரில், உழவர் குடும்பம் ஒன்றில் பூட்டியா பிறந்தார். இந்திய விளையாட்டு ஆணையத்தின் உதவித்தொகை, அவரைத் தலைநகர் காங்டாக்கில் உள்ள பள்ளிக்கு அழைத்துச் சென்றது. 1992ஆம் ஆண்டு, பள்ளி அணிகளுக்கான சுப்ரதோ கோப்பைப் போட்டியில் அவர் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மறு ஆண்டே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு அகவை பதினாறு.

முன்கள வீரரின் பணி கோல் அடிப்பது. அதற்கு விரைவு மட்டும் போதாது. பந்து எங்கே வரும் என்பதை எதிரணியினர் உணரும் முன்பே உணர்ந்து, அவ்விடத்தில் நிற்க வேண்டும். பூட்டியாவிடம் அந்த ஆற்றல் இயல்பாக அமைந்திருந்தது. 1996இல் தேசியக் காற்பந்து லீக் தொடங்கப்பட்டது. முதல் கோப்பையைப் பஞ்சாபின் ஜே.சி.டி. அணி வென்றது, அவ்வணிக்காக ஆடிய பூட்டியாவே மிகுதியான கோல் அடித்தவர். ஈஸ்ட் பெங்கால் அணிக்குத் திரும்பியபின், 1997 ஜூலை 13 அன்று கூட்டமைப்புக் கோப்பை அரையிறுதியில் மோகன் பகான் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். கொல்கத்தா சால்ட் லேக் அரங்கில் அன்று கூடியிருந்தோர் ஓர் இலட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

பரி நகரில் மூன்று ஆண்டுகள்

நாடே போற்றிய வீரர், 1999இல் இங்கிலாந்துக்குச் சென்றார். பெரிய அணிகள் சிலவற்றின் தேர்வுகளில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மான்செஸ்டர் அருகே உள்ள பரி என்னும் சிறுநகரின் அணி, அவரோடு மூன்று ஆண்டு ஒப்பந்தம் செய்தது. அவ்வணி அந்நாட்டு லீக் அமைப்பின் மூன்றாம் நிலையில் ஆடியது. 1999 அக்டோபர் 3 அன்று, கார்டிஃப் சிட்டி அணிக்கு எதிராக மாற்று வீரராகக் களம் இறங்கினார். முதல் கோலுக்காக ஆறு மாதங்களுக்கு மேல் காத்திருந்தார். 2000 ஏப்ரல் 15 அன்று செஸ்டர்ஃபீல்டு அணிக்கு எதிராக அது வாய்த்தது. பின்னர் முழங்கால் காயம் அவரது ஆட்டத்தை முடக்கியது. அணியோ பொருள் நெருக்கடியில் சிக்கிக் கீழ்நிலைக்கு இறங்கியது. மொத்தம் 37 லீக் ஆட்டங்கள், 3 கோல்கள். 2002இல் அவர் தாயகம் திரும்பினார்.

தெரிந்து தெளிவோம்

1936ஆம் ஆண்டு, கொல்கத்தாவைச் சேர்ந்த முகம்மது சலீம், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உள்ள செல்டிக் அணிக்காக இரண்டு ஆட்டங்களில் ஆடினார். காலணி அணியாமல், துணிக்கட்டு சுற்றிய பாதங்களோடு அவர் ஆடியதைக் கண்டு மக்கள் வியந்தனர். 2020இல், மணிப்பூரைச் சேர்ந்த பாலா தேவி, அதே நகரின் ரேஞ்சர்ஸ் மகளிர் அணியில் ஒப்பந்தம் பெற்றார்.

எண்ணிக்கை சொல்லாதவை

பன்னிரண்டு ஆட்டங்களுக்கு ஒரு கோல் என்பது முன்கள வீரருக்குப் பெருமை தரும் கணக்கன்று. இதனை மறைக்க வேண்டியதில்லை. எனினும், இக்கணக்கு மூன்று ஆண்டுகளின் முடிவைச் சொல்கிறதேயன்றி, அவற்றின் பயனைச் சொல்லவில்லை. சொந்த நாட்டில் தலைமை வீரராக விளங்கியவர், அங்கே மாற்று வீரர் இருக்கையில் அமர்ந்து தம் முறைக்காகக் காத்திருந்தார். புகழ் தந்த இடத்தை விட்டு, மீண்டும் தொடக்கநிலையில் நிற்பதற்கு அவர் அஞ்சவில்லை. பயன் விரைவில் வெளிப்பட்டது. 2003இல் ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியான் கழகங்களுக்கான போட்டியில் ஈஸ்ட் பெங்கால் அணி கோப்பை வென்றது. அப்போட்டியில் பூட்டியா அடித்த கோல்கள் ஒன்பது. அவற்றுள் ஆறு, ஒரே ஆட்டத்தில் அடித்தவை. மலேசிய அணிகளுக்காகவும் அவர் ஆடினார்.

அவரது தலைமையில் இந்திய அணி 2007இல் நேரு கோப்பையை வென்றது. 2008இல் ஆசிய சேலஞ்ச் கோப்பையையும் கைப்பற்றியது. இவ்வெற்றி, 1984க்குப் பின் முதன்முறையாக ஆசியக் கோப்பைப் போட்டியில் ஆடும் தகுதியை இந்தியாவுக்குப் பெற்றுத்தந்தது. 2011இல் கத்தாரில் அப்போட்டி நடைபெற்றபோது பூட்டியா காயமுற்றிருந்தார். தென்கொரியாவுக்கு எதிரான இறுதி லீக் ஆட்டத்தில் சில நிமிடங்களே அவரால் ஆட இயன்றது. தாம் திறக்க உழைத்த வாயிலில் பிறர் நுழைவதைக் காண்பதும் ஒரு தலைவருக்குரிய நிறைவே. அவ்வாண்டிலேயே பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப்பின் அணித்தலைமை ஏற்ற சுனில் சேத்ரி, அமெரிக்காவுக்கும் போர்ச்சுகலுக்கும் சென்று ஆடியவர். வீரர்களின் நலன் காக்கும் சங்கத்தை உருவாக்கியும், சிறுவர்க்கான காற்பந்துப் பள்ளிகளைத் தொடங்கியும் பூட்டியா தம் பணியைத் தொடர்ந்தார்.

நம் மண்ணின் மரபு

தமிழ்நாட்டுக்கும் காற்பந்து மரபு உண்டு. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் அடித்தவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் காற்பந்தில் இந்திய ஆடவர் அணி அடித்த கடைசிக் கோல் இன்றுவரை அதுவே. அவரது பயிற்சியில் கேரள அணி 1973இல் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டு மகளிர் அணியும் தேசியக் கோப்பையை வென்று வந்துள்ளது. திறனுக்கு இங்கே குறைவில்லை. அறியாத களத்தில் தோல்வியையும் ஏற்று, கற்றுத் திரும்பும் துணிவே நாம் வளர்க்க வேண்டியது.

கற்பவை கற்றபின்

1. 'பரி நகரில் பூட்டியா வெற்றி பெற்றாரா?' என்னும் தலைப்பில், இருபக்கக் கருத்துகளையும் முன்வைத்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உம் ஊரிலிருந்து அயல்நாடு சென்று திரும்பிய ஒருவரைச் சந்தித்து, பொருளைத் தவிர அவர் பெற்றவை யாவை எனக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
3. கணக்கன்று, புதியதன்று – இவை போன்ற எதிர்மறைச் சொற்களை இப்பாடத்தில் கண்டறிந்து, சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.