மூக்குக் கண்ணாடிக்கு ஒரு தோல் உறை

நாற்பது வயதைத் தாண்டியவர்களில் பலருக்குக் கிட்டப் பார்வை மங்கும். புத்தகத்தைக் கையில் எடுத்தால் கண்ணாடியும் வேண்டும். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தால் கீறல் விழும். கூடைக்குள் போட்டால் காம்பு உடையும். எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் அன்றைய படிப்பு நின்றுவிடும்.

ஒரு சாண் தோல் இருந்தால் போதும். கண்ணாடிக்கு நல்ல உறை ஒன்றை வீட்டிலேயே தைத்துவிடலாம். அதைச் செய்யக் கற்றவர் பிறகு பணப்பை தைப்பார். அறுந்த பைக் காதையும் தாமே சரிசெய்து கொள்வார்.

துணித் தையலும் தோல் தையலும்

துணி தைக்கத் தெரிந்தவர்கள் பலர். ஆனால் தோல், துணியைப் போன்றது அல்ல. துணியில் தையல் கோணலாகப் போனால் பிரித்துவிடலாம். ஊசி போன இடம் தெரியாது. தோலில் அப்படி இல்லை. தோலில் போட்ட துளை மூடாது. தவறான இடத்தில் குத்தினால், அந்தத் துளை கடைசி வரை இருக்கும்.

ஆகவே தோல் வேலையில் முதல் பாடம் இதுதான்: செய்ய வேண்டியதை முதலில் காகிதத்தில் செய்து பாருங்கள். காகிதத்தில் தவறினால் நட்டம் இல்லை. தோலில் தவறினால் தோலே வீண்.

நல்ல தோலை அறிவது எப்படி?

பச்சைத் தோல் சில நாளில் அழுகிவிடும். அழுகாமல் இருக்க அதைப் பதனிடுகிறார்கள். பதனிடுவதில் இரண்டு முறைகள் முக்கியமானவை.

ஒன்று, மரப்பட்டை முறை. மரப்பட்டையிலும் காய்களிலும் துவர்ப்புச் சத்து உண்டு. அந்தச் சத்து தோலுக்குள் இறங்கி அதை அழுகாமல் காக்கிறது. மகாராட்டிர மாநிலத்துக் கோலாப்பூர் செருப்பு நாடெங்கும் பெயர் பெற்றது. அதற்கான தோலைக் கருவேலம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடுகிறார்கள். இதற்குப் பல வாரங்கள் ஆகும். திருச்சி, திண்டுக்கல் பகுதிகளில் ஆவாரம் பட்டையைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். இப்படிப் பதனிட்ட தோல் சற்று விறைப்பாக இருக்கும். தண்ணீரில் நனைத்தால் இளகும். காய்ந்தால் அதே வடிவில் நிற்கும்.

மற்றொன்று, குரோமியம் உப்பு முறை. இது விரைவில் முடியும். இந்தத் தோல் மெத்தென்று இருக்கும். கைப்பை, காலணி, மேல்சட்டை ஆகியவற்றுக்கு இதுவே அதிகம் பயன்படுகிறது. இதன் வெட்டுத் துண்டுகளை அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது. அந்தப் புகையும் சாம்பலும் உடலுக்குக் கேடு.

கண்ணாடி உறைக்கு மரப்பட்டைத் தோலே ஏற்றது. தோலின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். மேல்பூச்சு இல்லாத மரப்பட்டைத் தோல் தண்ணீரை உறிஞ்சும். அந்த இடம் நிறம் மங்கிக் கருக்கும்.

தோல் என்று சொல்லி ரெக்சினை விற்பவர்களும் உண்டு. பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின். உண்மையான தோலின் பின்புறம் நார் நாராக, சற்றுச் சொரசொரப்பாக இருக்கும்.

விலங்கின் முதுகுப் பகுதித் தோல் உறுதியானது. வயிற்றுப் பகுதித் தோல் இழுத்தால் நீளும். உறைக்கு நீளாத துண்டே வேண்டும். இரு கையாலும் இழுத்துப் பார்த்து வாங்குங்கள். தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். முழுத் தோல் வாங்கத் தேவை இல்லை. பை தைக்கும் பட்டறைகளில் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும். அவற்றைக் கேட்டு வாங்கலாம்.

வேண்டிய பொருள்கள்

18 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் உள்ள தோல் ஒன்று.
கூர்மையான கத்தி ஒன்று.
இரும்பு அடிக்கோல் ஒன்று.
குத்தூசி ஒன்று.
முனை மழுங்கிய பெரிய ஊசி இரண்டு.
தடித்த நூல் 150 செ.மீ.
தேன்மெழுகு சிறிது.
தோல் ஒட்டும் பசை சிறிது.
உப்புத்தாள், மரப்பலகை, பழைய ரப்பர்ச் செருப்பின் அடித்துண்டு.

செய்யும் முறை

1. மாதிரி: முதலில் செய்தித்தாளை 18 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். இரண்டாக மடியுங்கள். அடிப்பக்கத்தையும் ஒரு நீளப் பக்கத்தையும் குண்டூசியால் இணையுங்கள். இப்போது கண்ணாடியை உள்ளே விடுங்கள். எளிதாகப் போய் வருகிறதா? இறுக்கமாக இருந்தால் மாதிரியை ஒரு செ.மீ. பெரிதாக்குங்கள். சரியான மாதிரி கிடைத்த பிறகே தோலைத் தொடுங்கள்.

2. வெட்டுதல்: மாதிரியைத் தோலின் மேல் வைத்துக் குத்தூசி முனையால் மெல்லக் கோடு இழுங்கள். பேனா வேண்டாம். மை தோலில் ஊறினால் போகாது. தோலைப் பலகை மேல் வைத்து, அடிக்கோலை அழுத்திப் பிடித்து வெட்டுங்கள். ஒரே இழுப்பில் வெட்ட முயல வேண்டாம். மெல்ல மூன்று முறை இழுத்தால் வெட்டு நேராக வரும். அடிக்கோலைப் பிடிக்கும் விரல்கள் கத்தி போகும் வழியில் இருக்கக் கூடாது. மழுங்கிய கத்தி ஆபத்தானது. அதை அழுத்த வேண்டி வரும். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் கையில் இறங்கும். கத்தியை அடிக்கடி சாணைக் கல்லில் தீட்டிக் கொள்ளுங்கள்.

3. வாய் ஓரம்: உறையின் வாயாக வரும் ஓரத்தைத் தைக்கும் முன்பே மெருகேற்ற வேண்டும். தைத்த பிறகு கை நுழையாது. ஓரத்தை உப்புத்தாளால் தேயுங்கள். சிறிது தண்ணீர் தொட்டு ஈரமாக்குங்கள். பிறகு முரட்டுத் துணியால் விரைவாகத் தேயுங்கள். சற்று நேரத்தில் ஓரம் வழவழப்பாகும்.

4. ஒட்டுதல்: தைக்க வேண்டிய ஓரங்களில் அரை செ.மீ. அகலத்துக்குப் பசை தடவுங்கள். பசை சற்று உலர்ந்ததும் தோலை மடித்து ஓரங்களைச் சேர்த்து அழுத்துங்கள். பசை, தைக்கும்போது தோல் நழுவாமல் பிடித்துக் கொள்ளும். பசையை மட்டும் நம்பித் தையலை விட்டுவிடக் கூடாது. இந்தப் பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அதை முகர்வதும் கெடுதல். கதவு, சன்னல்களைத் திறந்து வையுங்கள். அடுப்புக்கும் பீடி நெருப்புக்கும் அருகே வேண்டாம். குழந்தைகள் கையில் எட்டாமல் மூடி வையுங்கள்.

5. துளை போடுதல்: ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு கோடு இழுங்கள். நீளப் பக்கத்தில் மேலிருந்து கீழே வரும் கோடு, மூலையில் திரும்பி மடிப்பு வரை போகும். அதன் நீளம் சுமார் 26 செ.மீ. கோட்டின் மேல் 5 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள். ஒரு செ.மீ.க்கு இரண்டு இடைவெளி வரும். 26 செ.மீ.க்கு 52 இடைவெளி. துளைகள் 53. தோலின் அடியில் ரப்பர்த் துண்டை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் குத்தூசியால் நேராகக் குத்துங்கள். தோலைத் தொடை மேல் வைத்துக் குத்தவே கூடாது. குத்தூசிக்கு எதிரே விரலையும் வைக்கக் கூடாது.

6. தையல்: நூலின் நீளம் தையல் கோட்டைப் போல் நான்கு மடங்கு வேண்டும். 26 செ.மீ.க்கு 104 செ.மீ. பிடித்து இழுக்க இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆகவே 150 செ.மீ. எடுத்துக் கொள்ளுங்கள். நூலை மெழுகில் இரண்டு முறை இழுங்கள். மெழுகு பூசிய நூல் பிரியாது. துளையில் இறுக்கமாக நிற்கும்.

நூலின் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஊசி கோத்துக் கொள்ளுங்கள். முதல் துளையில் நூலை விட்டு, இரு பக்கமும் சம நீளம் வரும்படி இழுங்கள். அடுத்த துளையில் இடப்பக்க ஊசியை நுழையுங்கள். பிறகு வலப்பக்க ஊசியை அதே துளையில் எதிர்ப்பக்கமாக நுழையுங்கள். ஊசி உள்ளிருக்கும் நூலைக் குத்தாமல் பார்த்துக் கொள்ளுங்கள். இரு நூலையும் ஒரே அளவு பலத்தோடு இழுங்கள். ஒவ்வொரு துளையிலும் இப்படியே செய்யுங்கள். முதலில் நுழையும் ஊசி எப்போதும் ஒரே பக்கத்து ஊசியாக இருக்கட்டும். அப்போதுதான் தையல் வரிசை மாறாது.

இந்தத் தையலுக்கு ஒரு சிறப்பு உண்டு. இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் தையல் மெல்ல மெல்லப் பிரிந்துவிடும். இதில் ஒரு பக்க நூல் தேய்ந்து அறுந்தாலும் மறுபக்க நூல் பிடித்து நிற்கும்.

7. முடித்தல்: கடைசித் துளை வந்ததும் மூன்று துளைகள் பின்னோக்கித் தையுங்கள். பிறகு நூலை ஒட்ட வெட்டுங்கள். பருத்தி நூலானால் முனையில் ஒரு புள்ளி பசை வையுங்கள். தைத்த ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, மெருகேற்றுங்கள்.

8. வடிவம் தருதல்: உறையை ஈரத் துணியால் துடைத்து இளக்குங்கள். கண்ணாடி அளவுள்ள மரத்துண்டைப் பிளாசுடிக் தாளில் சுற்றி உள்ளே வையுங்கள். நிழலில் காய விடுங்கள். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரத் தோலின் மேல் ஆணி, கத்தி, இரும்பு அடிக்கோல் எதையும் வைக்க வேண்டாம். தோலில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் கருநிறக் கறை உண்டாகும். அந்தக் கறையை நீக்குவது கடினம்.

காத்து வைப்பது எப்படி?

மழைக் காலத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்த துணியால் துடைத்துக் காற்றாட வையுங்கள். பிளாசுடிக் பைக்குள் கட்டி வைக்க வேண்டாம். தோல் வறண்டு தெரிந்தால் துணியில் இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவலாம். எண்ணெய் பட்டால் நிறம் சற்றுக் கருக்கும். அளவுக்கு மிஞ்சினால் தோல் தொளதொளத்துப் போகும்.

இந்த வேலை யாருடையது?

இவ்வளவு நுட்பமான வேலையை நம் நாடு நெடுங்காலம் இழிவாகப் பார்த்தது. சில சாதியாரே இதைச் செய்ய வேண்டும் என்று விதித்தது. செருப்பைக் காலில் போட்டுக்கொண்டவர்கள், அதைத் தைத்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். காசியில் வாழ்ந்த ரவிதாசர் தோல் வேலை செய்தவர். அவர் பெரும் ஞானி, கவிஞர். அவருடைய பாடல்கள் சீக்கியரின் புனித நூலில் இடம் பெற்றுள்ளன. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமை காட்டுவது குற்றம்.

வங்காளத்தில் கவிஞர் தாகூர் சாந்திநிகேதனில் பள்ளி அமைத்தார். அதன் அருகே 1922-இல் சிரீநிகேதன் என்னும் கிராம முன்னேற்ற நிலையம் தொடங்கியது. தாகூரின் மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் அங்கே தோல் கலையை வளர்த்தனர். பிறப்பைப் பார்க்காமல் கற்க விரும்பியவர்கள் கற்றார்கள். அச்சுப் பதித்து வண்ணம் தீட்டிய சாந்திநிகேதன் தோல் பைகள் இன்றும் பெயர் பெற்றவை.

2019-இல் கோலாப்பூர்ச் செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகாராட்டிரத்தில் நான்கு மாவட்டங்களும் கருநாடகத்தில் நான்கு மாவட்டங்களும் இதில் அடங்கும். அந்தப் பெயருக்குரிய செருப்பு அங்கே செய்ததாகவே இருக்க வேண்டும் என்பது இதன் பொருள். தலைமுறை தலைமுறையாகத் தைத்த கைகளுக்குச் சட்டம் தந்த மதிப்பு இது.

சட்டம் தந்தால் மட்டும் போதாது. வாங்குபவரும் மதிப்புத் தர வேண்டும். தம் கையால் 53 துளை குத்தி, இரண்டு ஊசியால் தைத்து முடித்தவருக்கு இந்த வேலையின் அருமை தெரியும். அடுத்த முறை தெருவோரம் செருப்புத் தைப்பவரிடம் அவர் "என்னப்பா, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்க மாட்டார். "அண்ணே, இந்த ஓரத்தை எப்படி மெருகேத்துனீங்க?" என்று கேட்பார்.

நினைவில் கொள்ளுங்கள்

தோலில் போட்ட துளை மூடாது.
காகித மாதிரி முதலில், தோல் பிறகு.
கூரான கத்தியே பாதுகாப்பான கத்தி.
ஈரத் தோலுக்கு நிழல் வேண்டும், இரும்பு வேண்டாம்.

பயிற்சி

1. ரெக்சினையும் தோலையும் எப்படி வேறுபடுத்தி அறியலாம்?
2. தையல் கோடு 20 செ.மீ. துளைக்குத் துளை 5 மி.மீ. துளைகள் எத்தனை?
3. அந்தத் தையலுக்குக் குறைந்தது எத்தனை செ.மீ. நூல் வேண்டும்?
4. உங்கள் ஊரில் தோல் வேலை செய்பவர் ஒருவரிடம் பேசுங்கள். அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள்.