பம்புக் கொட்டகையையும் மின்கம்பிகளையும் செப்பனிடும் முறை

1932-ஆம் ஆண்டில் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியபின், கோயமுத்தூர்ப் பிரதேசத்துக் கிணறுகளில் கமலை இறைவை குறைந்து மின்சார இறைவை பெருகிற்று. அது முதல் மோட்டாரைப் பேணுவோர் பலர். அது நிற்கும் கொட்டகையையும் கம்பிகளையும் கவனிப்போர் சிலரே. பழைய மோட்டாரை நீக்கிப் புதியதை அமைத்தவுடன் வேலை முடிந்ததென எண்ணுவது பிழை. செப்பனிடும் வேலை, எர்த்து எனப்படும் பூமித் தொடர்பிலிருந்தே தொடங்கவேண்டும்.

அபாயத்தின் காரணம்

பம்பு நிற்கும் இடம் எப்பொழுதும் ஈரமுள்ளது. நனைந்த உடலின் மின்தடை சுமார் 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடும். பேஸ் கம்பிக்கும் பூமிக்கும் இடையே அழுத்தம் 230 வோல்ட். ஆகவே, மின்கசிவுள்ள மோட்டாரைத் தொடுபவர் உடலில் 230 மில்லி ஆம்பியர் வரை பாயக்கூடும். 30 மில்லி ஆம்பியர் சற்று நேரம் நீடித்தாலே உயிருக்கு அபாயம்.

பியூஸும் எர்த்தும்

பியூஸ் இருப்பதால் பயமில்லை என்பர் சிலர். 15 ஆம்பியர் பியூஸ் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். பூமி வழியாகச் செல்லும் பாதையின் மொத்தத் தடை 5 ஓம் ஆனால், கசிவின்போது 46 ஆம்பியர் பாய்ந்து பியூஸ் உருகிவிடும். எர்த்துக் குழி வறண்டு தடை 23 ஓம் ஆகிவிட்டாலோ, 10 ஆம்பியரே பாயும், பியூஸ் உருகாது. மோட்டாரின் உடல் மின்னேறியே நிற்கும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவதும் இவ்வாறே உயிருக்கு உலை வைப்பதாகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. பழைய இரும்புக் குழாய் ஈரமண்ணில் புதைந்திருந்ததால் ஓரளவு எர்த்தாக உதவியிருக்கும். அதை நீக்கிப் பிளாஸ்டிக் குழாய் போட்டவுடன் அவ்வுதவி அற்றுப்போகும்.

செய்யவேண்டிய வேலைகள்

1. முதலில் மின்சாரத்தை முற்றும் துண்டிக்கவேண்டும். கம்பி வேலையை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும்.

2. சுமார் 8 அடி ஆழத்தில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை நிறுத்தி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக இடவேண்டும். கோடையில் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவசியம். மோட்டார் உடலிலிருந்து இரு தனித்தனி எர்த்துக் கம்பிகள் செல்லவேண்டும்.

3. கொட்டகைத் தளத்தைச் சுற்றுமண்ணினும் ஓர் அடி உயர்த்தி, நீர் வெளியே ஓடச் சரிவு விடவேண்டும். சாரல் படாத சுவரில், மார்பளவு உயரத்தில் ஸ்டார்ட்டரையும் மெயின் சுவிட்சையும் அமைக்கலாம்.

4. கம்பிகளை நடுவில் ஒட்டுப்போடாமல் குழாய்க்குள் கொண்டுசெல்லவேண்டும். எலி கடித்ததும் வெயிலில் வெடித்ததுமான கம்பிகளை மீண்டும் உபயோகிக்கலாகாது.

5. மின்கசிவு கண்டவுடன் தானே துண்டிக்கும் சுவிட்சையும், ஒரு பேஸ் அற்றால் மோட்டாரை நிறுத்தும் கருவியையும் சேர்க்கவேண்டும். முன்னது ஆளைக் காக்கும். பின்னது மோட்டாரைக் காக்கும்.

வேலை முடிந்தபின் எர்த்தின் தடையைக் கருவிகொண்டு அளக்கச்செய்து, அளவைத் தேதியுடன் கொட்டகைச் சுவரில் எழுதிவைப்பது நலம். ஆண்டுதோறும் கோடை முடிவில் மறுபடி அளந்தால், குழி வறண்டது உடனே தெரியவரும்.

விபத்து நேர்ந்தால், விழுந்தவரைத் தொடுமுன் மெயின் சுவிட்சை நிறுத்தவேண்டும். இயலாவிடில், உலர்ந்த மரத்தின்மீது நின்று, உலர்ந்த மூங்கிலால் கம்பியை விலக்கவேண்டும். கிராம அதிகாரிகள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இவற்றைக் கிணற்றுடையோர்க்கு நினைவூட்டுவாராயின், கொட்டகையில் இறைக்கச் செல்லும் ஆள் மாலையில் நலமே வீடு திரும்புவான்.