யாரிடம் படிப்பது?

வெளிநாட்டில் பட்டப்பின் படிப்பு என்றால் இறம்பொடை வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "எந்த நாடு?" யாரிடம் படிப்பது என்பதை ஒருவரும் கேட்பதில்லை.

பேராசிரியர் க. கைலாசபதி பேராதனையில் தமிழ் கற்றவர். சங்கப் பாடல்களை ஆராய அவர் போனது இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு. வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சனோ கிரேக்க அறிஞர்! ஹோமரின் வீரயுகப் பாடல்களோடு நமது புறப்பாடல்களை ஒப்பிட அவரைவிடப் பொருத்தமானவர் யார்? அந்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போர்டில் ஆங்கில நூலாக வெளிவந்தது. பேராசிரியர் கா. சிவத்தம்பியும் அதே தொம்சனிடம்தான் பண்டைத் தமிழ் நாடகத்தை ஆராய்ந்தார்.

தோழியரே, விண்ணப்பத்தோடு கேட்கப்படும் நோக்கக் கூற்றில் எழுத வேண்டியதும் இதுவே: என் கேள்வி என்ன, அதற்கு உங்களிடம் ஏன் வருகிறேன். குடும்பக் கஷ்டத்தை மட்டும் எழுதினால் போதாது. பரிந்துரைக் கடிதத்தை நம்மை அறிந்த விரிவுரையாளரிடம் கேட்க வேண்டும். பெரிய மனிதர்களின் கடிதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஐ.ஈ.எல்.டி.எஸ். பெறுபேறு 2 வருடங்களுக்கே செல்லும்; இப்போதே அவசரப்பட வேண்டாம்.

செலவை நினைத்துத் தயங்கும் உம்மா, வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை. பொதுநலவாயப் புலமைப்பரிசில் கிடைத்தால் விமானச் சீட்டு, கல்விக் கட்டணம், மாதச் செலவு மூன்றும் அதற்குள் அடங்கும். காணியை ஈடு வைக்கத் தேவையில்லை.