பண்ணைக்குட்டையில் மீன் பிடிக்கும் முறை: சிலேபியும் விராலும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பெரும்பகுதி இப்போது மனைகளாகிவிட்டன. எனினும் மணிமங்கலம், படப்பை, ஆதனூர், அகரந்தென் முதலிய இடங்களில் நெல்லும் காய்கறியும் பயிரிடுவோர் இன்னும் உள்ளனர். அவர்களிற் சிலர் நிலத்தின் தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கின்றனர். முப்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம் உள்ள குட்டை ஏறக்குறைய இருபத்திரண்டு சென்ட் நிலத்தைக் கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பும். ஜலம் நிரம்பியவுடன் மீன் விடவேண்டும் என்ற ஆசை உண்டாவது இயற்கையே.

அடுத்த ஆண்டு அவர்கள் கூறும் குறையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது. மீன் ஏராளமாய் இருக்கிறது. ஆனால் விரல் நீளத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. வலையை வீசினால் வலை கொள்ளாமல் வரும்; சந்தைக்குக் கொண்டுபோனால் கேட்பார் இல்லை. தண்ணீர் சரியில்லை என்றும், தீனி போதவில்லை என்றும், மீன்குஞ்சு விற்றவன் ஏமாற்றினான் என்றும் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அனுபவத்தில் பார்க்குமிடத்து, பெரும்பாலான குட்டைகளில் உண்மைக் காரணம் வேறு. பிடிக்கவேண்டிய மீனைப் பிடிக்காமல் விட்டு, விடவேண்டிய மீனைப் பிடித்துவிட்டார்கள்.

இதை நாற்றங்காலைக் கொண்டு எளிதில் அறியலாம். நாற்றைப் பறித்து நடாமல் அங்கேயே விட்டால் எந்த நாற்றும் கதிர் கொள்ளாது. நிலத்தின் சத்து ஓர் அளவுடையது. அதைப் பங்கிடும் பயிர் அதிகமானால் எல்லாம் வெளுத்துச் சோர்ந்து நிற்கும். குட்டையும் அவ்வாறே. ஒரு குட்டையிலுள்ள இயற்கை உணவு நூறு கிலோ மீனைத் தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த நூறு கிலோ, இருபது கிராம் எடையுள்ள ஐயாயிரம் மீனாகவும் இருக்கலாம். கால் கிலோ எடையுள்ள நானூறு மீனாகவும் இருக்கலாம். நிறை ஒன்றே, விலை ஒன்றன்று.

நம் குட்டைகளில் இத்தொல்லையை உண்டாக்குவது சிலேபி. இது நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952-ஆம் ஆண்டு இலங்கையிலிருந்து மண்டபத்திற்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் ஏரி, குளம், கழிமுகம் எங்கும் பரவிற்று. பெண் மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். பொரிந்த குஞ்சுகளையும் அபாயம் கண்டால் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும். ஆகையால் குஞ்சுகளில் பெரும்பகுதி பிழைத்துவிடுகின்றன. பிறந்த இரண்டு மூன்று மாதங்களில், விரல் நீளம் இருக்கும்போதே, அது தானும் குஞ்சு பொரிக்கத் தொடங்குகிறது. நெருக்கம் மிகுந்தால் வளர்ச்சி நின்றுபோகுமே தவிர இனப்பெருக்கம் நிற்பதில்லை. குட்டையில் யாரும் விடாமலே வாய்க்கால் வழியாக இது வந்து சேர்வதும் உண்டு. பத்து மீன் வந்தாலும் போதும்.

அமெரிக்காவில் அலபாமா மாகாணத்து ஆபர்ன் என்னும் ஊரில், சுவிங்கிள் என்ற விஞ்ஞானி 1930-களிலிருந்து பண்ணைக்குட்டைகளை ஆராய்ந்தார். அங்குள்ள உழவர்கள் புளூகில் என்னும் தட்டையான சிறுமீனையும், அதைத் தின்னும் பாஸ் என்னும் பெருமீனையும் ஒன்றாக வளர்த்தனர். தூண்டில் போடுவோர் யாவரும் பாஸ் மீனையே நாடினர். அதைப் பிடித்துத் தீர்த்த குட்டைகளில் புளூகில் கணக்கின்றிப் பெருகி, கைவிரல் அளவிலேயே நின்றுபோயிற்று. சிறுமீனை அடிக்கடி நிறையப் பிடித்துப் பெருமீனை அளவோடு எடுத்த குட்டைகளில் இரண்டும் நன்றாய் விளைந்தன. இரையும் இரை கொள்வதும் தமக்குள் ஒரு சமநிலையில் இருக்கவேண்டும். தூண்டில் அந்தச் சமநிலையைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும் என்பது அவர் கண்ட முடிவு.

நமக்கு பாஸ் மீனைத் தேடிப் போகவேண்டிய அவசியம் இல்லை. நம் விராலே அவ்வேலையைச் செய்யும். அது சிறு மீனையும் தவளையையும் தின்று வளர்வது. ஜலத்தின் மேல் வந்து காற்றையும் உட்கொள்வதால், கோடையில் தண்ணீர் குறைந்து கலங்கும்போதும் பிழைத்திருக்கும். நூறு சிலேபிக்கு ஐந்து முதல் பத்து விரால் வரையில் இருப்பது தக்கது. விடும்போது விரால்குஞ்சு சிலேபியைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். பெரியதாயின் வளர்க்கும் மீனையே விழுங்கிவிடும். சிறியதாயின், பின்னால் பொரிந்து வரும் சிலேபிக் குஞ்சுகளை மட்டும் தின்று குறைக்கும்.

இங்கேதான் இடர் இருக்கிறது. உயிரோடு கொண்டுபோகும் விராலுக்குச் சென்னையிலும் புறநகரிலும் நல்ல விலை உண்டு. தூண்டிலில் தவளையைக் கோத்து ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்தால் இரண்டு விரால் கிடைக்கும். அதைக் கண்ட பக்கத்து நிலத்துப் பிள்ளைகள் மறுநாள் வருவார்கள். மாதம் ஒன்றில் குட்டையில் விரால் இராது. சிலேபிக்கு அதன்பின் பகை ஏது? நிலச் சொந்தக்காரர் முதல் ஆண்டில் விரால் விற்ற பணத்தைக் கண்டு மகிழ்கிறார். மறு ஆண்டில் விரல் நீள மீனைக் கண்டு வருந்துகிறார். விராலை அறவே பிடிக்கவேண்டாம் என்பதில்லை. ஆனால் ஒரு விரால் எடுத்தால் அதன் எடையைப்போல் பன்மடங்கு சிலேபியை எடுத்தாகவேண்டும். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுக்கூட்டம் ஒன்று ஜலத்தின் மேற்பரப்பில் திரளாகத் தோன்றினால், தாய் விரால் அதன் அடியில் காவல் நிற்கிறதென்று அறிக. அப்போது அங்கே தூண்டில் போடுவது தன் விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

சிலேபியைப் பிடிக்கச் சிறிய தூண்டில் முள்ளும், மண்புழுவும், பிசைந்த மாவும், ஒரு தக்கையும் போதும். வீட்டுச் சிறுவர்க்கு இது விளையாட்டாகவும் குட்டைக்கு இது களையெடுப்பாகவும் அமையும். கரை சரிவாயும் பிளாஸ்டிக் விரிப்பு வழுக்கலாயும் உள்ள குட்டைகளில் மட்டும் பெரியோர் துணையின்றிப் பிள்ளைகளை விடலாகாது. முடிச்சிட்ட கயிறொன்றைக் கரையிலிருந்து ஜலத்துக்குள் தொங்கவிடுக. சிறுமீன் மிகுதியாயின் வீச்சு வலையால் வாரம் ஒருமுறை எடுக்கலாம். விடியற்காலையே ஏற்ற சமயம். வெயில் ஏறியபின் எடுத்த மீன் சந்தை சேருமுன் கெடும்.

குட்டையின் நிலையை அறிய ஒரு சுலபமான பரீட்சை உண்டு. மாதம் ஒரு நாள், ஒரே முள்ளும் ஒரே இரையும் கொண்டு, ஒரு மணி நேரம் பிடித்து, ஒவ்வொரு மீனின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியதும் நடுத்தரமும் கலந்து வந்தால் குட்டை நல்ல நிலையில் இருக்கிறது. எல்லாம் ஒரே அளவில் சிறியதாகவும், உடல் மெலிந்து தலை பெரிதாகவும் வந்தால் நெருக்கம் மிகுந்துவிட்டது. அதன்பின் கரையோரத்தில் ஒரு பழந்துணியை இழுத்துப் பாருங்கள். சிலேபிக் குஞ்சே நிறைந்து விரால்குஞ்சு ஒன்றும் இல்லையெனில், சிறுமீனை வலையால் குறைத்து விராலைப் புதிதாக விடுவது அவசியம். கணக்குப் புத்தகத்தில் இக்குறிப்பை எழுதி வைப்பவர் மிகச் சிலர். எழுதி வைத்தவர்க்கு மறு ஆண்டில் யாரையும் யோசனை கேட்க வேண்டியிராது.

கட்லா, ரோகு, மிருகால் வளர்ப்போரின் நிலை வேறு. இவை தேங்கிய குட்டையில் தாமாகக் குஞ்சு பொரிப்பதில்லை. 1957-இல் ஒரிஸாவின் அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரி சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டையினத்தை முட்டையிடச் செய்தபின்னரே இவற்றின் குஞ்சுகளைப் பண்ணைகளில் வேண்டிய அளவு உண்டாக்க வழி பிறந்தது. இவற்றை விடும் குட்டையில் விரால் இருக்கலாகாது, குஞ்சுகளைத் தின்றுவிடும். கோடையில் குட்டையை உலர்த்துவதே செலவில்லாத வழி. ஆயினும் விரால் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் இயல்புடையது. ஆகையால் சேறு வெடிக்கும்வரை காயவிடவேண்டும். உலர்த்த முடியாவிடில் இலுப்பைப் புண்ணாக்கு இடுவது வழக்கம். அதன் நஞ்சு தணிய மூன்று வாரம் காத்திருந்து குஞ்சு விடுக.

சிலேபியை ஆண் மீனாக மட்டும் விட்டால் பெருக்கம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. 1988-இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஆராய்ச்சியில் உருவான கிப்ட் சிலேபி அவ்வாறு ஒருபாற் குஞ்சுகளாக வளர்க்கப்படுகிறது. அதை மீன்வளத் துறையின் அனுமதி பெற்றே வளர்க்கவேண்டும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் நம் பக்கத்தார்க்கு அண்மையில் உள்ளது. முதலில் அங்கே விசாரித்துக்கொள்வது நலம்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்றங்கரையில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அத்தகைய மழையில் குட்டைக் கரை தாழ்ந்திருந்தால் வளர்த்த மீன் ஏரிக்குப் போகும். ஏரி மீன் குட்டைக்கு வரும். ஆகையால் கரையை வரப்பைவிட உயர்த்தி, உபரிநீர் போகும் மடையில் நெருங்கிய வலைக்கம்பி பொருத்துக. ஆப்பிரிக்கத் தேளியை ஒருபோதும் விடாதிருப்பதற்கும் இதுவே முக்கிய காரணம். தன் குட்டையிலிருந்து ஒரு மழையில் வெளியேறினால் அது ஏரியின் நாட்டு மீனையெல்லாம் தின்னும். 1997-இல் மத்திய அரசு அதை வளர்ப்பதைத் தடுத்தும் வேறு பெயர்களில் குஞ்சு விற்கப்படுகிறது. மீசை நீண்ட குஞ்சை யாரேனும் மலிவாகக் கொண்டுவந்தால் வாங்கவேண்டாம்.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டா நிலத்தில் வெட்டிய குட்டையின் மீன் பட்டாதாரருடையது. ஏரிப் புறம்போக்கில் உள்ள மீன் அவ்வாறன்று, அது மீன்பாசிக் குத்தகைக்கு உட்பட்டது. குட்டை ஏரியை ஒட்டியிருந்தால் எல்லைக் கல்லைக் காட்டிப் பதிவேட்டில் குறித்துவிட்டால், தூண்டில் காரணமாக எழும் வழக்குகளில் பாதி உண்டாகா. வெள்ளத்தில் ஏரிக்குப் போன மீனைத் திரும்பக் கேட்டு வரும் பட்டாதாரருக்கும், குத்தகைதாரருக்கும் இதை முன்கூட்டியே, மழைக்கு முன்பே, சொல்லி வைப்பது நல்லது.