பாற்பல்லின் வேர்

"விழப்போகும் பல்லுக்கு மருத்துவம் எற்றுக்கு?" என்னும் வினாவைக் குழந்தைகளுள்ள இல்லங்களிற் பலகாலும் கேட்கின்றோம். பாற்பல் என்னும் பெயரே பெற்றோரை ஏமாற்றிவிட்டது போலும். பால் குடிக்கும் பருவத்து முளைப்பினும், அவற்றுட் சில 11, 12 வயதளவும் சோறு மெல்லும் தொழிலைப் புரிகின்றன.

குழந்தைக்குப் பாற்பற்கள் 20. விழுந்த பல்லைக் கையிற்கொண்டு நோக்குவார், அதற்கு வேரே இல்லையென மயங்குவர். வேர் இருந்தது, கரைந்தொழிந்தது. தாடையெலும்பினுள் நிலைப்பல் வளர்ந்து மேலெழுங்கால், பல்லைக் கரைக்கும் உயிரணுக்கள் தோன்றிப் பாற்பல்லின் வேரைச் சிறிது சிறிதாய் அரிக்கின்றன. இவ்வரிப்பு இடையிடையே நின்று, அரிபட்ட இடம் ஓரளவு மீளவும் பூசப்பெறும். ஆடிய பல் சின்னாள் உறுதிப்பட்டுப் பின்னும் ஆடுவது இதனாலேயே. நிலைப்பல் பிறவியிலேயே இல்லாதவிடத்தும் பாற்பல்லின் வேர் மெல்லக் கரைவதுண்டென்பது வியப்பிற்குரியது.

நிற்க. இஃது இயற்கை, சொத்தை வழியாய்ப் புகும் நோயோ வேறு. பாற்பல்லின் பற்சிப்பி மெல்லியது; உள்ளிருக்கும் பற்கூழோ, பல்லின் அளவை நோக்கப் பெரிது. ஆதலின் கிருமிகள் விரைவிற் கூழை எய்தும். கடைவாய்ப் பாற்பல்லின் வேர்கள் கவடுபோல் விரிந்து நிற்க, அக்கவட்டிடையே நிலைப்பல்லின் கரு உறைகின்றது. கூழறையின் அடித்தளம் மெல்லிதாய் நுண்டுளைகளும் உடைமையின், நோய் பெரும்பாலும் கவட்டெலும்பிலேயே முதற்கட் பரவும். வேரும் எலும்பும் காலமல்லாக் காலத்து ஒழுங்கின்றிக் கரையும். கருவின் பற்சிப்பி ஊறுபட்டு, பின்னர் முளைக்கும் நிலைப்பல் கறையும் குழியும் உடையதாதலும் உண்டு. அதனை டர்னர் பல் என்பர். பல்லீறு சீழ்க்கொப்புளம் கொண்டு உடைந்து வலி நின்றுவிடின், நோய் தீர்ந்ததெனப் பெற்றோர் மகிழ்வர். சீழ் வெளிப்போத வழி கண்டதேயன்றி நோய் தீர்ந்ததன்று. முகம் வீங்கிக் காய்ச்சலும் உறின், அன்றே மருத்துவரை நாடல் வேண்டும்.

வேர்க்கூழ் நலமாயிருப்பின் மேற்கூழை மட்டும் நீக்கி மருந்திடுவர். அதுவும் கெட்டதாயின் முழுதும் நீக்கி வேர்க்குழலை நிரப்புவர். ஈண்டு ஒரு நுட்பம் உளது. நிலைப்பல்லில் இடும் கட்டாபெர்ச்சா கரையாது. வேர் கரையுந்தோறும் உடன் கரைவதே பாற்பல்லுக்கு ஏற்றது. அதனாற் கால்சியம் ஹைட்ராக்சைடும் அயடோபார்மும் கலந்த பசை போல்வனவற்றை இடுவர். வேர் பெரிதும் அரிபட்டதாயின் பல்லைக் களைவதே முறை. அண்டைப்பற்கள் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துவிடாவாறு, வேண்டுமிடத்துக் கம்பிவளையம் ஒன்று பொருத்தி, நிலைப்பல் தலைகாட்டியதும் கழற்றிவிடுவர்.