செல்ஃப் எடுக்கலையா? மோட்டாரைக் கழட்டுமுன் கொஞ்சம் பொறுங்கள்!



"செல்ஃப் போச்சுப்பா" என்பது நம் பக்கத்து டிரைவர்கள் சர்வசாதாரணமாகச் சொல்லும் வார்த்தை. சாவியைத் திருப்பினால் 'டொக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதுதான். லோடோடு கரிசல் காட்டில் நின்றுவிட்டால் தள்ளவும் முடியாது, அன்றைய பிழைப்பு அதோடு போச்சு. ஸ்டார்ட்டிங் சிஸ்டத்தை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம், படம் வரைந்து பாகங்களைக் குறித்து மார்க்கும் வாங்கியிருக்கிறோம். அதே பாடம் திருச்சுழி பக்கம் என் சித்தப்பா வீட்டு வாசலில் எனக்கு மறுபடி ஒரு பரீட்சை வைத்தது. முதல் தடவை நான் பெயில்.

சித்தப்பா வைத்திருப்பது ஒரு பழைய பிக்கப் வண்டி, டீசல். சீமைக் கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்ட கரியை மூட்டை கட்டி மதுரைக்கு ஏற்றிப் போவார். ஒரு சித்திரை மாதம் விடியற்காலை, லோடு ஏற்றியாகிவிட்டது, வண்டி எடுக்கவில்லை. என்ஜின் 'உ...ம்ம்' என்று அரைச் சுற்று முக்கிவிட்டு நின்றது. அருப்புக்கோட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். பார்த்ததும் "செல்ஃப் மோட்டார் அவுட்" என்றார்கள். நானும் பெரிய படிப்பாளி மாதிரி தலையை ஆட்டினேன். ரீகண்டிஷன் மோட்டார் நாலாயிரத்துச் சில்லறை. பேட்டரியையும் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். வண்டி ஒரு வாரம் நன்றாக ஓடியது. எட்டாம் நாள் மறுபடி அதே 'உ...ம்ம்'.

"நீ டிப்ளமோ படிச்சு என்னடா பிரயோஜனம்?" என்று சித்தப்பா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

பழைய மோட்டாரில் கோளாறே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நிஜமாகவே மோட்டாரை மாற்ற வேண்டிய நாளும் அடுத்த வருஷம் வந்தது, அதையும் சொல்கிறேன்.

முதலில் மோட்டாரைப் பற்றி இரண்டு வார்த்தை. மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912ஆம் வருஷ மாடல் கேடிலாக் காரில் வந்தது. செய்தவர் அமெரிக்க என்ஜினியர் சார்லஸ் கெட்டரிங். அதற்கு முன்னால் எல்லாம் ஹேண்டில்தான். என்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். (ஹேண்டில் பிடிக்கிறவர் கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான்.) இவ்வளவு பெரிய என்ஜினைச் சுற்ற இவ்வளவு சின்ன மோட்டார் போதுமா என்று அன்றைக்குச் சந்தேகப்பட்டார்கள். சில விநாடிதானே வேலை, அதுவரைக்கும் சின்ன மோட்டார் அளவுக்கு மீறிய சுமையைத் தாங்கும் என்றார் கெட்டரிங். அந்தச் 'சில விநாடி' இன்றைக்கும் பொருந்தும். பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடிக்காதீர்கள். அரை நிமிஷம் ஆறவிட்டு அடுத்து முயலுங்கள். நம் ஊரில் 1961-ல் தொடங்கிய சென்னை பாடி லூகாஸ்-டிவிஎஸ் கம்பெனி தயாரிக்கும் மோட்டார்களுக்கும் இதே கணக்குத்தான்.

இது சீரீஸ் வகை டி.சி. மோட்டார். புறப்படும்போது டார்க் மிக அதிகம், அதனால் கரண்டும் அதிகம். பினியனில் 9 பல், பிளைவீல் ரிங் கியரில் 120 பல் என்று வைத்துக்கொண்டால் விகிதம் 13-க்கு மேல். என்ஜின் நிமிஷத்துக்கு 150 சுற்று சுற்ற மோட்டார் 2000 சுற்று சுற்ற வேண்டும். பிக்கப் டீசல் என்ஜினுக்கு 150, 200 ஆம்பியர் சாதாரணமாகப் போகும்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஹெட்லைட் பல்புக்கு ஐந்து ஆம்பியர் போதும். ஒயர் மூட்டில் 0.02 ஓம் துரு இருந்தால் பல்புக்கு நஷ்டம் 0.1 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. அதே 0.02 ஓம் வழியாக 150 ஆம்பியர் போனால் 3 வோல்ட் நஷ்டம். "லைட் பளிச்சுனு எரியுது, அதனால ஒயரிங் நல்லா இருக்கு" என்று சொல்கிறவர் ஓம்ஸ் லாவைப் பாதிதான் படித்திருக்கிறார் என்று அர்த்தம். நானும் அந்தக் கட்சியில்தான் இருந்தேன்.

எட்டாம் நாள் சாயங்காலம் நண்பனிடம் ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தேன். நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, நாலு டயருக்கும் கல் வைத்து, சித்தப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். பேட்டரியின் இரண்டு போஸ்ட்டிலும் சும்மா இருக்கும்போது 12.5 வோல்ட், சாவி திருப்பும்போது 11.8. அப்படியானால் பேட்டரி தேவலை. (அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகப்படலாம்.) அடுத்து பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்டிலிருந்து மோட்டாரின் பெரிய ஸ்டட் வரை 0.4 வோல்ட். அரை வோல்ட் வரை பரவாயில்லை. கடைசியாக பேட்டரி நெகட்டிவ் போஸ்ட்டிலிருந்து என்ஜின் உடம்புக்கு 3.6 வோல்ட்! இங்கே 0.2, 0.3-க்கு மேல் இருக்கவே கூடாது. மீட்டர் முள்ளை கிளாம்பில் வைக்காமல் போஸ்ட்டிலேயே வைக்க வேண்டும், வைத்துக்கொண்டே சாவியைத் திருப்ப வேண்டும். கரண்ட் ஓடாதபோது அளந்தால் எல்லாம் சுத்தமாகத்தான் காட்டும்.

ஆக மோட்டாருக்குக் கிடைத்தது 11.8-ல் 4 போக 7.8 வோல்ட். பாவம், அது என்ன செய்யும்?

சேசிஸிலிருந்து என்ஜினுக்குப் போகும் எர்த் பட்டையைத் தேடினேன். கியர் பாக்ஸ் பக்கத்தில், கரிசல் சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி அப்பிய கட்டிக்குள்ளே இருந்தது. மழைக்காலத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதும் கோடையில் கல்லாக இறுகுவதும் நம் மண்ணின் குணம். உள்ளே போல்ட்டுக்கடியில் ஒரே துரு, பட்டையில் பாதி இழை அறுந்திருந்தது. சோதனைக்காக ஒரு ஜம்பர் கேபிளை பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே என்ஜின் போல்ட்டில் கொடுத்தோம். ஒரே சுற்றில் வண்டி எடுத்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய் டீ போடச் சொன்னார்.

ஒரு துப்பை நாங்கள் முன்பே கவனித்திருக்கலாம். அதே மாதத்தில்தான் ஆக்சிலரேட்டர் கேபிள் இறுகிப் போய் மாற்றினோம். எர்த் பட்டை வழி கிடைக்காத கரண்ட், என்ஜினையும் பாடியையும் தொடும் வேறு கம்பி எது என்று தேடி அதன் வழியே ஓடும். கேபிள் சூடாகி உள் உறை உருகும். கேபிளும் செல்ஃபும் ஒரே சமயத்தில் மக்கர் பண்ணினால் எர்த்தைப் பாருங்கள். பட்டைக்கும் போல்ட்டுக்கும் உப்புத்தாளுக்கும் சேர்த்து ஆன செலவு முந்நூறு ரூபாய்க்குள். ஒரு வாரம் வண்டி ஓடியது எப்படி என்றால், முழு சார்ஜ் ஏறிய பேட்டரி இருக்கிற வோல்டேஜில் எப்படியோ சமாளித்திருக்கிறது.

பேட்டரி பேச்சு வந்ததால் ஒன்று. நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் உவர். "தண்ணிதானே" என்று அதை ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் இருக்கும் குளோரைடும் இரும்பும் பிளேட்டைத் தின்றுவிடும். வெயிலில் தண்ணீர் சீக்கிரம் குறையும் ஊர் இது, டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வீட்டிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த வருஷம் வந்த கோளாறு வேறு ஜாதி. சாவியைத் திருப்பினால் 'டொக்' கூட இல்லை, முழு மௌனம். அளந்தால் பேட்டரி, கேபிள், எர்த் எல்லாம் சரி. சோலினாய்டின் சின்ன டெர்மினலுக்கு (50 என்று போட்டிருக்கும்) சாவி திருப்பும்போது 12 வோல்ட் வருகிறது. கட்டையால் மோட்டார் உடம்பில் இரண்டு தட்டு தட்டினேன், எடுத்தது! கார்பன் பிரஷ் தேய்ந்து கம்யூட்டேட்டரைத் தொடவில்லை என்று பொருள். அதற்குச் சோலினாய்டு ஏன் மௌனமாக இருந்தது? சோலினாய்டில் இரண்டு காயில்: பிளஞ்சரை இழுப்பது ஒன்று, இழுத்ததைப் பிடித்து வைப்பது ஒன்று. இழுக்கும் காயிலுக்கு எர்த் கிடைப்பது மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான். பிரஷ் தொடாவிட்டால் அதற்குக் கரண்டே இல்லை. பிடிக்கும் காயில் மட்டும் தனியாக பிளஞ்சரை இழுக்க வலுவில்லாதது. வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்.

கம்யூட்டேட்டரும் பள்ளம் விழுந்திருந்ததால் மோட்டாரையே மாற்ற முடிவு செய்தோம். வேப்ப மரத்தடியில் சாக்கை விரித்து வேலை. பிக்கப் உயரமான வண்டி, ஜாக்கி போடாமலே அடியில் படுக்கலாம். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் ஜாக்கிக்கடியில் கனமான பலகை போட்டு, சேசிஸுக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் வைக்கவே வைக்காதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பிப் படுப்பது வேண்டாம்.

முதல் வேலை பேட்டரி நெகட்டிவைக் கழற்றுவது. பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானரின் மறுமுனை பாடியில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகி ஸ்பானரே பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். பேட்டரி மேலே ஹைட்ரஜன் வேறு நிற்கும். கைக்காப்பு, மோதிரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள். சித்தப்பாவுக்கு அரைஞாணைக் கழற்ற மனசில்லை, வாக்குவாதமே நடந்தது.

ஒயர்களுக்குத் துணி கட்டி அடையாளம் வைத்தோம். பெரிய ஸ்டட்டில் இரண்டு நட் இருந்தால் உள் நட்டை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு வெளி நட்டைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஸ்டட்டே சுற்றி சோலினாய்டு கெடும். துருப்பிடித்த மவுண்டிங் போல்ட்டுகளுக்கு முந்தின ராத்திரியே டீசல் விட்டு வைத்திருந்தோம். கீழ் போல்ட்டை முதலில், மேல் போல்ட்டைக் கடைசியில். கடைசிப் போல்ட் கழலும்போது ஒரு கை மோட்டாரின் அடியில் இருக்கட்டும், நேரே முகத்தில் விழும் கனம் அது.

மோட்டார் வந்த துவாரம் வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள். கிராங்க் புல்லியைச் சுற்றி முழு வட்டத்தையும் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டர் என்ஜின் கம்ப்ரஷனை எதிர்த்து நிற்பதால் எப்போதும் எதிரெதிரான இரண்டே இடத்தில்தான் நிற்கும், பல் தேய்வதும் அந்த இரண்டு இடத்தில்தான். 'எப்பவாவது கரகர சத்தம்' என்பதன் காரணம் இதுவே. எங்களுக்கு நல்லவேளையாக லேசான தேய்வுதான்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பினியன் பல்லை எண்ணினோம். மூக்கு நீளம், பிளாஞ்சு துவாரம், சுற்றும் திசை, 12 வோல்ட்டா 24 வோல்ட்டா எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மாட்டுமுன் தரையில் வைத்து, காலால் அழுத்திப் பிடித்து இரண்டு விநாடி மட்டும் ஓட்டிப் பார்த்தோம். மின்சாரம் பட்டதும் துள்ளும், எச்சரிக்கை. லோடு இல்லாத சீரீஸ் மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போகும், அதனால் அதற்கு மேல் வேண்டாம்.

பெல் ஹவுசிங்கில் மோட்டார் உட்காரும் முகத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தோம். மோட்டாருக்கு எர்த் அந்த முகம் வழியாகத்தான். பெயிண்டோ கிரீஸோ அங்கே கூடாது. போல்ட்டுகளைக் கையால் பிடிக்கவைத்து, பிறகு மாறி மாறி இறுக்கி, ஒயர்களை மாட்டி, கடைசியில் நெகட்டிவ்.

இன்னொரு பழக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்துக்கு வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் சோலினாய்டின் இரண்டு டெர்மினலையும் சேர்ப்பார்கள். வண்டி கியரில் இருந்தால் அந்த விநாடியே நகரும், படுத்திருப்பவர் மேலேயே ஏறும். லேபில் யாராவது செய்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

மாட்டி முடித்ததும் மறுபடி மீட்டர்: பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் பக்கம் 0.1. அந்த எண்களை சித்தப்பா கரி மூட்டைக் கணக்கு நோட்டின் பின் அட்டையில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டார். இப்போது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நான் ஊருக்குப் போனால் பலகாரத்துக்கு முன்னால் மீட்டரைத்தான் எடுத்து நீட்டுகிறார்.